1937-ல் ஒரே ஒரு தாள்: பாலை மலைகளின் ஜென்ஷியன் பதிவுகளை எப்படிப் படிப்பது

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். நெவாடாவிலும் கிழக்குக் கலிபோர்னியாவிலும் உள்ள பாலைவன மலைத்தொடர்களில் சேகரித்த ஜென்ஷியன் குடும்பத்துச் செடிகளின் உலர்தாவரகப் (செடிகளைக் காயவைத்துத் தாளில் ஒட்டிப் பாதுகாக்கும் இடத்தின்) பதிவுகளை இணையத்திலிருந்து இறக்கி வைத்திருக்கிறீர்கள். அதில் மூன்று இடங்களில் இடறுகிறது. ஒரு மலைத்தொடரில் ஒரு செடிக்கு 1937-ல் ஒரே ஒரு தாள், அப்புறம் எதுவுமே இல்லை; அங்கே அது அழிந்துவிட்டது என்று எழுதலாமா? வரைபடத்தில் போட்டால் சில பதிவுகளின் புள்ளிகள் மலைமேல் விழாமல் கீழே உப்புத்தரையில் விழுகின்றன; அவற்றைப் பிழையென்று நீக்கலாமா? ஒரே செடி ஒரு பதிவில் ஃபிரேசெரா, இன்னொன்றில் ஸ்வெர்ஷியா என்று இருக்கிறது, எதை எடுத்துக்கொள்வது? மூன்றையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் நீங்கள் கேட்பது ஒன்றுதான்: ஒரு காய்ந்த செடி ஒட்டிய தாள் எதற்கெல்லாம் சாட்சி, எதற்குச் சாட்சி இல்லை?

முதலில் என் தகுதியைச் சொல்லிவிட வேண்டும். பல வருடங்களாக உலர்தாவரகங்களில் வேலை பார்த்தவன் நான். கோவையில் தாள் ஒட்டப் பழகி, பிறகு அமெரிக்கத் தென்மேற்கில் ஒரு பல்கலைக்கழகச் சேகரிப்பில் தாள்களில் ஒட்டிய பழைய விவரச் சீட்டுகளைப் படித்துக் கணினியில் ஏற்றும் வேலையில் இருந்தேன். ஜென்ஷியன் குடும்பத்தின் வகைப்பாட்டில் நான் நிபுணன் இல்லை. ஆகவே எந்தச் சிற்றினம் எதிலிருந்து பிரிய வேண்டும் என்ற சண்டையில் என் சொல்லுக்கு எடை கிடையாது. சீட்டுகள் எப்படியெல்லாம் ஏமாற்றும் என்பது மட்டும் நன்றாகத் தெரியும், பலமுறை ஏமாந்திருக்கிறேன்.

குடும்பத்தைப் பற்றி இரண்டு வார்த்தை, ஏனென்றால் மற்றதெல்லாம் இதில்தான் தொங்குகிறது. நம் ஊர் வெள்ளறுகு இந்தக் குடும்பம்தான். வாயில் போட்டால் தெரியும் அந்தக் கசப்பு குடும்பச் சொத்து. ஜென்ஷியன் என்றதும் பலருக்கும் ஈரமான மலைப்புல்வெளியும் நீலப்பூவும் நினைவுக்கு வரும். பாலைவனத்தில் அதற்கு என்ன வேலை என்று தோன்றுவது இயல்பு. அந்தப் பக்கத்துப் பாலைவனங்களான கிரேட் பேசினும் மொஹாவியும் ஒரே தட்டையான மணல்வெளி இல்லை என்பதுதான் பதில். மரணப் பள்ளத்தாக்கின் அடி கடல்மட்டத்துக்கு 86 மீட்டர் கீழே. அதன் மேற்குச் சுவரான பானமின்ட் மலைத்தொடரில் டெலஸ்கோப் சிகரம் 3,368 மீட்டர். லாஸ் வேகஸுக்குப் பக்கத்திலேயே ஸ்பிரிங் மலைத்தொடரில் சார்ல்ஸ்டன் சிகரம் 3,632 மீட்டர். வடமேற்கே வொயிட் மலைகள் 4,300 மீட்டரைத் தாண்டுகின்றன. பாலைக் கடலில் நிற்கும் தீவுகள் மாதிரி இவை. உச்சிப் பக்கத்து ஈரப் புல்வெளிகளில் நீங்கள் எதிர்பார்க்கும் சின்ன நீல ஜென்ஷியன்கள். நடுச்சரிவில் பினியன் பைனும் ஜூனிப்பரும் நிற்கும் கல்தரையில் ஃபிரேசெரா இனங்கள். நாலு இதழும் பச்சை கலந்த வெள்ளையும் ஊதாப் புள்ளியுமாக, தூரத்திலிருந்து பார்த்தால் பூ என்றே தோன்றாது. அடிவாரத்தில், உப்புப் பூத்த தரையிலும் ஊற்றோரச் சேற்றிலும், இளஞ்சிவப்புப் பூவுள்ள செல்ட்னெரா. பூங்கொத்துக் கடைகளில் லிசியாந்தஸ் என்று விற்கிறார்களே, அந்த யூஸ்டோமாவின் காட்டு உறவும் பாலை ஊற்றுகளின் ஓரத்தில் வளர்கிறது.

இதனால் உங்கள் இரண்டாவது சந்தேகத்துக்குப் பாதிப் பதில் இங்கேயே வந்துவிட்டது. உப்புத்தரையில் விழும் புள்ளி செல்ட்னெராவோ யூஸ்டோமாவோ என்றால் கை வைக்காதீர்கள். அது சரியான இடத்திலேயே இருக்கலாம். ஆஷ் மெடோஸ் என்ற ஊற்றுவெளி நெவாடாவின் நை மாவட்டத்தில், மரணப் பள்ளத்தாக்குக்குச் சற்றுக் கிழக்கே இருக்கிறது. அங்கே உள்ள செல்ட்னெரா நாமோஃபிலா ஊற்றோர உப்பு ஈரத்தை விட்டு வெளியே வராத ஓராண்டுச் செடி. அதை 1973-ல்தான் தனிச் சிற்றினமாக விவரித்தார்கள். 1985-ல் அமெரிக்க அரசின் அச்சுறுத்தலுக்குள்ளான இனங்களின் பட்டியலில் சேர்ந்தது. மலைச்செடிப் பட்டியல் தயாரிக்கிறேன் என்று உயரத்தை வைத்து வடிகட்டினால் அதுதான் முதலில் காணாமல் போகும். அதே உப்புத்தரையில் ஃபிரேசெரா விழுந்தால் கதை வேறு, அங்கே நிச்சயம் ஏதோ தப்பு. அதற்கு வருகிறேன்.

பெயர் விஷயத்தை முதலில் முடித்துவிடலாம், மூன்றில் அதுதான் எளிது. ஃபிரேசெரா என்ற பேரினம் 1788-லிருந்து இருக்கிறது. 1941-ல் ஹெரால்ட் செயின்ட் ஜான் அதை ஸ்வெர்ஷியாவுக்குள் கரைத்தார். பலர் ஏற்றார்கள், சிலர் ஏற்கவில்லை. பிறகு 2001-ல் வந்த மரபணு ஆய்வு ஸ்வெர்ஷியா என்பதே ஒரே வேரிலிருந்து கிளைத்த கூட்டம் இல்லை என்று காட்டியது. இப்போது அமெரிக்க இனங்களை ஃபிரேசெரா என்று தனியாக வைப்பதுதான் வழக்கம். செல்ட்னெராவும் அப்படித்தான், 2004 வரை சென்டோரியத்தின் பகுதியாக இருந்தது. தாளில் ஒட்டியிருக்கும் செடி மாறவில்லை, மேலே ஒட்டிய பெயர்ச்சீட்டு மட்டும்தான் மாறிக்கொண்டிருந்தது. ஆகவே தேடும்போது எல்லாப் பழைய பெயர்களையும் போட்டுத் தேடுங்கள், சேர்த்த பிறகு இன்றைய பெயரில் ஒன்றாக்குங்கள். இங்கே ஒரு சின்னப் பொறி இருக்கிறது. ஸ்வெர்ஷியா பெரென்னிஸ் என்று ஒரு செடி மேற்கு அமெரிக்க மலைகளில் உண்மையாகவே உண்டு. அது ஸ்வெர்ஷியாதான், பூவில் ஐந்து இதழ். கண்ணை மூடிக்கொண்டு ஸ்வெர்ஷியா எல்லாவற்றையும் ஃபிரேசெரா ஆக்கினால் அதுவும் சேர்ந்து மாறிவிடும். இதழை எண்ணினால் போதும், ஃபிரேசெராவுக்கு நாலு.

இதிலிருந்து தாளின் மிகப் பெரிய பலத்துக்கு வரலாம். தாளில் இருக்கும் செடியை யாரும் எப்போதும் திரும்பப் பார்க்கலாம். 1891-ல் மரணப் பள்ளத்தாக்கு ஆய்வுப் பயணத்தில் ஃப்ரெடெரிக் கோவில் அழுத்திக் காயவைத்த செடியின் பூவை இன்று வெந்நீரில் இளக்கி உருப்பெருக்கியின் கீழ் வைத்தால், இதழின் நடுவே உள்ள தேன்சுரப்பியும் அதைச் சுற்றிய மயிர் விளிம்பும் தெரியும். ஃபிரேசெராவில் இனத்துக்கு இனம் வேறுபடுவது அந்தச் சுரப்பியின் வடிவம்தான். (கோவிலுடன் போன இன்னொரு தாவரவியலாளர் ஃபன்ஸ்டன் பிற்பாடு ராணுவத் தளபதி ஆகி, 1906-ல் சான் ஃபிரான்சிஸ்கோ எரிந்தபோது அங்கே படைகளுக்குத் தலைமை தாங்கினார். செடி பறிப்பவர்களின் வாழ்க்கை எங்கே போய் முடியும் என்று சொல்லவே முடியாது.) அந்தச் சோதனையைப் புகைப்படத்தில் பாதியளவே செய்யலாம், கணினிப் பட்டியலில் செய்யவே முடியாது. பட்டியலில் இருப்பது யாரோ ஒருவர் ஒருநாள் சொன்ன பெயர். தாளின் ஓரத்தில் திருத்தச் சீட்டு இருக்கிறதா, யார் எந்த வருடம் திருத்தினார் என்று பாருங்கள். இந்தக் குடும்பத்தில் வேலை செய்த ஒருவர் கையெழுத்து இருந்தால் நிம்மதியாக எடுத்துக்கொள்ளலாம். சேகரித்தவர் எழுதிய பெயர் மட்டும் என்றால், குறிப்பாகக் காய்நிலையில் உள்ள செடி என்றால், நான் சந்தேகத்தில்தான் வைப்பேன். நிறத்தை நம்ப வேண்டாம். ஜென்ஷியனின் நீலமும் வெளுக்கும், ஃபிரேசெராவின் பச்சையும் பழுப்பாகும். சேகரித்தவர் சீட்டில் நிறம் எழுதியிருந்தால் அது தங்கம்.

அடுத்து இடம். தொண்ணூறு சதவீதத் தலைவலி இங்கேதான், இது என் கைக்கணக்கு, ஆய்வுக்கணக்கு இல்லை. பழைய சீட்டுகளில் அட்சரேகை, தீர்க்கரேகை இருக்காது. மாவட்டப் பெயர், ஒரு சுரங்க ஊரோ ரயில் நிலையமோ, ‘மேற்குப் பக்கம்’, அடிக்கணக்கில் ஓர் உயரம், அவ்வளவுதான். நீங்கள் வரைபடத்தில் பார்க்கும் புள்ளியைப் பல பத்தாண்டு கழித்து, அந்த மலையைப் பார்த்தே இராத யாரோ மேசையில் உட்கார்ந்து வைத்திருப்பார். அந்த யாரோவில் நானும் ஒருவன் என்பதால் தைரியமாகச் சொல்கிறேன். என் முதல் வருடத்தில் ‘சார்ல்ஸ்டன் மலைகள், லிங்கன் மாவட்டம்’ என்ற ஒரு சீட்டு வந்தது. சார்ல்ஸ்டன் மலைகள் என்பது ஸ்பிரிங் மலைத்தொடரின் பழைய பெயர் என்று எனக்கு அப்போது தெரியாது. இன்றைய லிங்கன் மாவட்டத்தின் வரைபடத்தில் தேடினேன், கிடைக்கவில்லை. சரி என்று மாவட்டத்தின் நடுவில் புள்ளியை வைத்துவிட்டு அடுத்த தாளுக்குப் போய்விட்டேன். லாஸ் வேகஸைச் சுற்றிய பகுதியெல்லாம் 1909 வரை லிங்கன் மாவட்டத்தில்தான் இருந்தது, அந்த வருடம்தான் கிளார்க் மாவட்டம் பிரிந்தது. என் புள்ளி 150 கிலோமீட்டருக்கும் மேல் வடகிழக்கே போய் விழுந்திருந்தது. இரண்டு வருடம் கழித்து வேறொருவர் அதை எடுத்து, ‘இந்த இனம் அங்கேயும் இருக்கிறதாமே’ என்று கேட்டபோதுதான் எனக்கே தெரிந்தது.

ஆகவே புள்ளியைப் பார்ப்பதற்கு முன்னால், பதிவில் பிழை எல்லை என்றொரு கட்டம் இருக்கிறதா என்று பாருங்கள். 200 மீட்டர் என்றால் அது ஒரு பள்ளத்தாக்கைக் காட்டுகிறது. 40 கிலோமீட்டர் என்றால் மாவட்டத்தின் நடுப்புள்ளியாக இருக்கலாம். நை மாவட்டம் ஒன்றே 47,000 சதுர கிலோமீட்டர், நம் கேரளத்தைவிடப் பெரியது. அதன் நடுப்புள்ளி எந்த உப்புத்தரையில் விழுந்தாலும் ஆச்சரியமில்லை. கட்டம் காலியாக இருந்தால் இன்னும் மோசம் என்றே வையுங்கள். சில சீட்டுகளில் ‘டவுன்ஷிப், ரேஞ்ச், செக்‌ஷன்’ என்று நில அளவைக் குறியீடு இருக்கும். செக்‌ஷன் வரை எழுதியிருந்தால் ஒரு மைல் சதுரத்துக்குள் பிடித்துவிடலாம், டவுன்ஷிப் மட்டும் என்றால் ஆறு மைல் சதுரம். அரிய செடிகளுக்குத் தரவுத்தளங்கள் இடத்தை வேண்டுமென்றே மங்கலாக்கி வெளியிடுவதும் உண்டு, தோண்டிக்கொண்டு போகிறவர்களுக்குப் பயந்து. மலையிலிருந்து சற்றுத் தள்ளி விழும் ஃபிரேசெராப் புள்ளிகளில் சில அப்படி நகர்த்தப்பட்டவையாக இருக்கக்கூடும். அது பிழை இல்லை. காரணம் சொல்லி உலர்தாவரகத்துக்கு எழுதிக் கேட்டால் பெரும்பாலும் உண்மையான இடத்தைத் தருவார்கள்.

ஊர்ப்பெயர்களிலும் கவனம் வேண்டும். ‘பானமின்ட்’ என்று மட்டும் இருந்தால் அது மலைத்தொடரா, பள்ளத்தாக்கா, 1870-களில் வெள்ளிக்காக முளைத்து 1876 வெள்ளத்தில் அடித்துக்கொண்டுபோன பானமின்ட் சிட்டியா? மூன்றுக்கும் இடையே ஆயிரக்கணக்கான அடி உயர வித்தியாசம் வரலாம். ‘காட்டன்வுட் ஸ்பிரிங்’ மாதிரிப் பெயர்கள் மலைக்கு ஒன்று இருக்கும். சேகரித்தவர் தங்கிய ஊரின் பெயர்தான் பல சீட்டுகளில் செடியின் ஊராக நிற்கிறது. குதிரையில் காலையில் கிளம்பி 1,500 மீட்டர் ஏறிப் பறித்து, மாலையில் திரும்பி, விளக்கு வெளிச்சத்தில் சீட்டு எழுதியிருப்பார். ஜிபிஎஸ் வந்த பிறகு எல்லாம் சரியாகிவிட்டதா என்றால், அதுவும் முழுக்க இல்லை. 2000 மே மாதம் வரை பொதுமக்கள் கருவிகளுக்கு வேண்டுமென்றே பிழை சேர்த்துத்தான் சமிக்ஞை வந்தது. 1927-ல் வகுத்த பழைய நில அளவை அடிப்படையில் எடுத்த அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இன்றைய அடிப்படையில் அப்படியே போட்டால் அந்தப் பக்கத்தில் நூறு மீட்டர் அளவுக்கு நகரும். ஊற்றோரச் செடிக்கு நூறு மீட்டர் என்பது ஈரத்துக்கும் காய்ந்த மணலுக்கும் உள்ள தூரம்.

இந்தக் குழப்பத்தில் கைகொடுக்கும் ஒரு வழி இருக்கிறது, புதிதாக வருகிறவர்கள் யாரும் அதைச் செய்வதில்லை. சேகரித்தவரின் எண்ணைப் பாருங்கள். நல்ல சேகரிப்பாளர் பெரும்பாலும் வாழ்நாள் முழுக்க ஒரே வரிசையில் எண் போடுவார். உங்கள் தாள் 6,212 என்று வைத்துக்கொள்வோம். அதே ஆளின் 6,190-லிருந்து 6,230 வரை எல்லா உலர்தாவரகங்களிலும் தேடிப் பட்டியல் போடுங்கள். ஜென்ஷியன் மட்டும் போதாது, புல், கள்ளி, பைன், எல்லாமே வேண்டும். அன்று காலை எந்த ஊற்றில் தொடங்கி, மதியம் எந்தக் கணவாயைக் கடந்து, மாலை எங்கே வந்து சேர்ந்தார் என்பது செடி செடியாக விரியும். முந்தைய எண்ணில் அடிவாரத்துக் கிரியோசோட் புதரும் அடுத்த எண்ணில் உச்சிப் பக்கத்துப் பிரிசில்கோன் பைனும் இருந்தால், நடுவில் எங்கோ ஏறியிருக்கிறார். முன்னும் பின்னும் ஊற்றோரச் செடிகள் என்றால் உங்கள் செடியும் ஊற்றிலிருந்தே வந்திருக்கும். ஒருமுறை இப்படித்தான் ஒரு மர்மத் தாளைப் பிடித்தேன். சீட்டில் ஒரு மலைத்தொடரின் பெயர், ஆனால் அந்த எண்ணைச் சுற்றிய பதினொரு தாளும் எதிர் மலைத்தொடரில். அன்று அவர் பள்ளத்தாக்கைக் கடக்கவே இல்லை. சீட்டு தட்டச்சு செய்தவர் முந்தைய பக்கத்தின் தலைப்பை அப்படியே அடித்திருக்கிறார். இடத்தைச் சொல்லமாட்டேன், செடி அரியது.

அதே எண்ணை வைத்து இன்னொன்றும் செய்ய வேண்டும். ஒரு செடியைப் பறிக்கும்போது ஐந்தாறு படிகள், அதாவது அதே செடியின் கூடுதல் தாள்கள், எடுத்து வெவ்வேறு உலர்தாவரகங்களுக்கு அனுப்புவது வழக்கம். உங்கள் பட்டியலில் ‘எட்டுப் பதிவு’ என்பது ஒரே ஆள் ஒரே நாளில் ஒரே எண்ணில் எடுத்த எட்டுப் படிகளாக இருக்கலாம். சேகரித்தவர், எண், தேதி மூன்றும் ஒத்தால் ஒன்றாக எண்ணுங்கள். படிகளை வீசிவிடவும் வேண்டாம், ஒரு படியின் சீட்டில் இல்லாத விவரம் இன்னொன்றில் இருக்கும். உங்கள் 1937 தாளுக்கும் எங்காவது ஒரு படி கிடக்கலாம்.

இப்போது அந்த 1937-க்கு வருவோம். அந்த நாளில் அந்த மலையில் அந்தச் செடி இருந்தது என்பதற்குத் தாள் சாட்சி, இடமும் பெயரும் சரிபார்த்த பிறகு. அதற்குப் பின் தாள் இல்லாமல் போனது எதற்கு சாட்சி? மனிதர்கள் போனார்களா என்பதற்கு மட்டும்தான். பாலைவன மலைகளுக்கு யாரும் அடிக்கடி போவதில்லை. போகிறவர்களும் பூ பொங்கும் ஏப்ரல், மே மாதங்களில் அடிவாரத்துக்குப் போகிறார்கள். உச்சிப் புல்வெளி ஜென்ஷியன்கள் ஜூலை கடைசிக்கு மேல்தான் பூக்கும். அந்த மாதங்களில் அடிவாரத்து வெயிலைக் கடந்து மேலே ஏற ஆசைப்படுகிறவர்கள் குறைவு. சாலை எங்கே போகிறதோ அங்கே புள்ளிகள் கொத்துக் கொத்தாக இருக்கும். ஒரு வேலை செய்யுங்கள். அந்த மலைத்தொடரில் 1937-க்குப் பிறகு, அதே உயரத்தில், அதே பருவத்தில் எந்தச் செடியாவது எத்தனை பேர் பறித்திருக்கிறார்கள் என்று எண்ணுங்கள். இருநூறு தாள் இருந்து உங்கள் செடி மட்டும் இல்லையென்றால் அந்த இல்லாமைக்கு ஓரளவு எடை உண்டு. நாலு தாள்தான் என்றால், யாரும் பார்க்கவில்லை என்பதற்கு மேல் எதுவும் சொல்ல முடியாது.

வேலியும் நெருப்பும் வெற்றிடத்தை உண்டாக்கும். தென் நெவாடாவில் சுமார் 29 லட்சம் ஏக்கர் ராணுவப் பயிற்சி நிலம், மலைத்தொடர்களோடு சேர்த்து. அதை ஒட்டி அணுகுண்டுச் சோதனைக் களம். ஃபிரேசெரா பாஹூட்டென்சிஸ் என்று 1971-ல் பெயரிட்ட செடி அந்தக் களத்தின் பாஹூட் மேட்டுநிலத்தின் பெயரைத்தான் தாங்கியிருக்கிறது. அதே மேட்டுநிலத்தில் நிலத்தடிச் சோதனைகள் நடந்தன. அந்தப் பக்கத்துத் தாவரங்களைப் பற்றி நமக்குத் தெரிவதில் பெரும்பங்கு, சோதனைக் களத்தில் சூழலியலாளராக இருந்த ஜானிஸ் பீட்லி போன்ற அனுமதி பெற்ற சிலரால் வந்தது. அனுமதி இல்லாத இடத்தில் வரைபடம் வெள்ளையாகவே இருக்கும், செடிக்கு அது தெரியாது. நெருப்பைப் பற்றிச் சொல்வதானால், 1906 ஏப்ரல் நிலநடுக்கத்தைத் தொடர்ந்து கலிபோர்னியா அறிவியல் கழகத்தின் உலர்தாவரகம் எரிந்தது. ஆலிஸ் ஈஸ்ட்வுட் இடிந்த படிக்கட்டின் கம்பியைப் பிடித்து ஆறாவது மாடிவரை ஏறி, அவர் முன்யோசனையாகத் தனியே பிரித்து வைத்திருந்த வகைமாதிரிகளில் (ஒரு சிற்றினத்தின் பெயருக்கே ஆதாரமான தாள்களில்) 1,497 தாள்களைக் காப்பாற்றினார். மற்றவை சாம்பல். 1906-க்கு முந்தைய பாலைவனத் தாள் குறைவாக இருக்கிறதே என்று யாராவது கோட்டுப்படம் போட்டால், அந்தக் கோட்டில் கொஞ்சம் அந்த நெருப்பும் இருக்கிறது.

இதற்கெல்லாம் மேலே, செடியின் குணம். ஃபிரேசெரா ஸ்பெசியோசா என்று ஒன்று கிரேட் பேசினின் உயர்ந்த மலைகளில் உண்டு, ஆளுயரத்தைத் தாண்டும். அதை ஒருகாலத்தில் ஈராண்டுச் செடி என்று நினைத்தார்கள். கொலராடோவில் டேவிட் இனௌயியும் உடன் இருந்தவர்களும் ஆண்டுக்கணக்கில் தனித்தனிச் செடிகளைக் குறித்து வைத்துப் பார்த்ததில், அது 20 முதல் 80 ஆண்டுகள் வரை தரையோடு ஒட்டிய இலைக்கொத்தாகவே இருந்து, ஒரே ஒரு முறை பூத்து, செத்துப்போகும் என்று தெரிந்தது. பூக்கிற வருடம் ஒரு மலைச்சரிவே சேர்ந்து பூக்கும், அடுத்த ஓரிரு வருடம் தண்டே தெரியாது. பூவின் மொட்டு மூன்று நான்கு ஆண்டுகளுக்கு முன்பே இலைக்கொத்துக்குள் உருவாகிவிடுகிறது. இப்படிப்பட்ட செடியைப் பூ இல்லாத வருடத்தில் போய்த் தேடிவிட்டு ‘காணோம்’ என்று எழுதினால் என்ன அர்த்தம்? போதாக்குறைக்கு, தாளின் அளவு 29-க்கு 42 சென்டிமீட்டர்தான். இரண்டு மீட்டர் செடியை எவன் மடித்து வைப்பான் என்று பலரும் பறிக்காமலே வந்துவிடுவார்கள். பார்த்த கண்களைவிடத் தாள்கள் எப்போதும் குறைவு.

ஆனால் இங்கே உங்களுக்குச் சாதகமான விஷயமும் இருக்கிறது. ஃபிரேசெராவைப் பூ இல்லாமலும் அடையாளம் காணலாம். பாலை மலைகளில் பரவலான ஃபிரேசெரா ஆல்போமார்ஜினேட்டாவின் இலை ஓரத்தில் வெள்ளைக் கோடு ஓடும், பெயரே அதைத்தான் சொல்கிறது. ஆகவே உங்கள் 1937 செடி ஃபிரேசெராவில் ஒன்று என்றால், சரியான சரிவில் இலைக்கொத்துகளைத் தேடிக் கிடைக்காமல் போனால் அந்த ‘இல்லை’ என்பதற்கு மதிப்பு உண்டு. செல்ட்னெரா என்றால் அந்த வசதி கிடையாது. ஓராண்டுச் செடி, மழையும் ஊற்றுநீரும் ஒத்துவராத வருடத்தில் தலைகாட்டாமலே இருந்துவிடலாம். ஒருமுறை பார்த்து இல்லை என்பது ஒன்றுக்கும் ஆகாது. பல வருடம், ஊற்று இன்னும் ஓடுகிறதா என்பதோடு சேர்த்துப் பார்க்க வேண்டும். அந்த ஊற்றே குழாய்க் கிணற்றால் வற்றியிருந்தாலோ, காட்டுக் கழுதைகள் மிதித்துச் சேறாக்கியிருந்தாலோ மட்டும் நான் சந்தேகத்தின் தராசை அழிவின் பக்கம் சாய்ப்பேன். மலைச்சரிவில் அதற்குச் சமமானது காட்டுத்தீ. 2013-ல் ஸ்பிரிங் மலைகளில் சுமார் 28,000 ஏக்கர், 2023-ல் மொஹாவியின் நியூயார்க் மலைகளில் சுமார் 93,000 ஏக்கர் எரிந்தன. உங்கள் புள்ளி எரிந்த எல்லைக்குள் விழுகிறதா என்று ஒப்பிட்டுவிடுங்கள். எரிந்திருந்தாலும் செடி போய்விட்டது என்று அர்த்தமில்லை, போய்ப் பார்க்க ஒரு காரணம் கிடைத்தது என்று மட்டும்.

இன்னொரு எச்சரிக்கை, நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் அடுத்து அங்கேதான் போவீர்கள் என்று தெரியும். தாள்களின் தேதியை வைத்துப் பூக்கும் காலம் முன்னே நகர்ந்திருக்கிறதா என்று பார்க்கத் தோன்றும். மற்ற செடிகளில் செய்யலாம், நல்ல முடிவுகளும் வந்திருக்கின்றன. இந்த மலைகளில் உயரத்தைக் கணக்கில் எடுக்காமல் செய்யாதீர்கள். கழுதை காலத்தில் மேலே ஏறியவர்களும் கார் காலத்தில் சாலையோரத்தில் நின்றவர்களும் ஒரே உயரத்தில் பறிக்கவில்லை. கீழே முந்திப் பூக்கும், மேலே பிந்திப் பூக்கும். சேகரிக்கும் இடம் கீழே இறங்கினாலே பூக்காலம் ‘முந்திவிட்டது’ போலத் தெரியும். சீட்டில் 7,500 என்று இருந்தால் அது அடி. யாராவது மீட்டர் கட்டத்தில் ஏற்றியிருந்தால் உங்கள் ஜென்ஷியன் இமயமலை உயரத்தில் நிற்கும். சிரிக்காதீர்கள், பார்த்திருக்கிறேன்.

ஆக, இப்போதைக்கு ‘அழிந்தது’ என்ற சொல்லை எழுத வேண்டாம். ‘1937-க்குப் பிறகு சேகரிப்பு இல்லை, மறுதேடல் நடந்ததாகப் பதிவு இல்லை’ என்று எழுதுங்கள். அதற்கு மேல் போக வேண்டுமென்றால் யாராவது ஏற வேண்டும். புல்வெளி ஜென்ஷியன் என்றால் ஆகஸ்ட்டில் போகச் சொல்லுங்கள். ஃபிரேசெரா என்றால் பனி உருகி இலை விரிந்த பிறகு எப்போது வேண்டுமானாலும் போகலாம். போகிறவர் செடியைப் பார்த்தாலும் ஒன்றிரண்டே இருந்தால் பறிக்கக் கூடாது. படமும் இடக்குறிப்பும் போதும், அனுமதியில்லாமல் பறிப்பது பல இடங்களில் சட்டப்படி குற்றமும்கூட. பார்க்காவிட்டாலும் எந்தத் தேதியில் எந்தச் சரிவில் எத்தனை மணி நேரம் தேடினார் என்று எழுதி வைக்கச் சொல்லுங்கள். தாள்களில் இல்லாத விவரம் அதுதான்.

அதற்கு முன்னால் அந்த 1937 தாளின் படத்தை இங்கே போடுங்கள். செடி மங்கலாக இருந்தாலும் பரவாயில்லை, சீட்டின் மூலையில் உள்ள சேகரிப்பு எண் தெளிவாகத் தெரிய வேண்டும். அந்த ஆள் அன்று எங்கே நடந்தார் என்பதை இந்த வார இறுதியில் உட்கார்ந்து பார்த்துவிடலாம்.